வறுத்த மாவா, பச்சை மாவா? – பர்மா அடுப்படிக் கேள்வி பதில்

கேள்வி: டவுஞ்ஜியில் இருக்கும் என் நாத்தனார் கடலை மாவில் ஷான் மாநிலத்துத் தோபு செய்தால் கத்தியால் வெட்டும்படி நிற்கிறது. அவர் சொன்ன அளவிலேயே செய்தும் எனக்குக் கூழாகத்தான் வருகிறது. ராத்திரி முழுக்க வைத்தும் இறுகவில்லை. எங்கே தவறு?
– வாசகி, தட்டோன்

அளவை அப்புறம் பார்க்கலாம், முதலில் மாவைப் பாருங்கள். நம் சந்தைகளில் கடலை மாவு இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று பச்சை மாவு. மற்றது நூடுல்ஸ் பிசையவும் சூப்பைக் கெட்டியாக்கவும் வறுத்து அரைத்த மாவு. இரண்டும் ஒரே நிறத்தில், ஒரே மாதிரி பிளாஸ்டிக் பையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். தோபு பச்சை மாவில்தான் இறுகும். சோயா தோபுவுக்குப் போடுவதுபோல உறைய வைக்கும் உப்பு எதுவும் இதற்குக் கிடையாது. பச்சை மாவின் மாச்சத்து தண்ணீரில் வெந்து, ஆறும்போது தானே இறுகிக்கொள்கிறது. வறுக்கும்போது அந்தச் சக்தி பெரும்பாலும் போய்விடும். நீங்கள் எவ்வளவு கிளறினாலும் கூழ் கூழாகவேதான் இருக்கும்.

எந்த மாவு என்று தெரிய ஒரு சிட்டிகையை நாக்கில் வையுங்கள். பச்சை மாவு வேகாத பயறு வாடையோடு லேசாகக் கசக்கும். வறுத்தது வேர்க்கடலை மாதிரி மணக்கும்.

அளவு இது: பச்சைக் கடலை மாவு 1 கப் (சுமார் 120 கிராம்), தண்ணீர் 3 கப், உப்பு முக்கால் தேக்கரண்டி, மஞ்சள் தூள் கால் தேக்கரண்டி, எண்ணெய் 1 தேக்கரண்டி. மாவை 1 கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து அரை மணி நேரம் வைத்து, வடிகட்டுங்கள். மீதி 2 கப் தண்ணீரை உப்பு, மஞ்சள், எண்ணெயோடு கொதிக்கவிடுங்கள். தணலைக் குறைத்து, ஒரு கையால் கிளறிக்கொண்டே மறு கையால் கரைசலை ஊற்றுங்கள். இரண்டு நிமிடத்தில் கெட்டியாகிவிடும். பலர் அப்போதே இறக்கிவிடுகிறார்கள். அதுதான் இரண்டாவது தவறு. 8 முதல் 10 நிமிடம் மரக்கரண்டியால் அடி பிடிக்காமல் கிளறவேண்டும். பச்சை வாடை போய், மேலே பளபளப்பு வந்து, கரண்டியால் கீறினால் பாத்திரத்தின் அடி ஒரு நொடி தெரியவேண்டும். எண்ணெய் தடவிய தட்டில் 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, அசைக்காமல் 2 மணி நேரம் ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போதே மூடினால் ஆவி நீராகி மேலே தங்கி, மேல்புறம் பிசுபிசுக்கும்.

பொரிக்கிறவர்கள் துண்டுகளைத் துணியில் ஒற்றி எடுத்த பிறகே எண்ணெயில் போடவும். ஈரத்தோடு போட்டால் கை முழுக்கத் தெறிக்கும். இறுகாமல் போன பச்சை மாவுக் கூழை வீணாக்கவும் வேண்டாம். இன்னும் கொஞ்ச நேரம் கிளறி வேகவிட்டு, சூடாகவே அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றி, வெங்காய எண்ணெய், வறுத்த எள், கொத்தமல்லி தூவினால் அதுவே ‘தோபு நுவே’. ஷான் கடைகளில் அதை விரும்பிக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

கேள்வி: வீட்டில் மொகிங்கா (மீன் சூப் ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) வைத்தால் மீன் வாடை தூக்கலாக இருக்கிறது, மாவும் கட்டி கட்டியாக நிற்கிறது. தெருமுனைக் கடையில் மட்டும் எப்படி அவ்வளவு வழுவழுப்பாக வருகிறது?
– வாசகர், ரங்கூன்

மொகிங்காவில் வாடை வருவது மீன் அதிகமானதால் வருவதில்லை. குளத்துக் கெளுத்தியின் தோலில் உள்ள வழுவழுப்பும், வயிற்றுக்குள் இருக்கும் கறுப்பு ஜவ்வும் சரியாகப் போகாததால்தான் வருகிறது. கல் உப்பும் கரைத்த புளியும் சேர்த்து மீனை நன்றாகத் தேய்த்து, 10 நிமிடம் ஊறவிட்டு, தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். சேற்று வாடைக்குப் புளிப்புதான் மருந்து. உப்பு மட்டும் போதாது.

ஆறு பேருக்கு அரை வீசை கெளுத்தி (சுமார் 800 கிராம்). இரண்டரை லிட்டர் தண்ணீரில் தட்டிய எலுமிச்சைப் புல் 2 தண்டு, இஞ்சி ஒரு துண்டு, மஞ்சள் தூள் 1 தேக்கரண்டி சேர்த்து மீனை 15 முதல் 20 நிமிடம் வேகவிடுங்கள். மீனை எடுத்துச் சதையை உதிர்த்துக்கொள்ளுங்கள். தலையையும் முள்ளையும் எறியவேண்டாம். உரலில் இடித்து, அதே நீரில் இன்னும் 20 நிமிடம் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். கடைக்காரரின் சூப்புக்கு உடம்பு கொடுப்பது இந்தச் சாறுதான். வீட்டில் பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் படியும் இதுதான். ஒரு சின்ன முள் தப்பினாலும் பிள்ளைகளுக்கு ஆபத்து, அதனால் ஓட்டை வடிகட்டியை நம்பாமல் துணியிலேயே வடிகட்டுங்கள்.

அடுத்து மசாலா. பெரிய வெங்காயம் 2, பூண்டு 8 பல், இரண்டு அங்குல இஞ்சி, எலுமிச்சைப் புல்லின் வெள்ளைப் பகுதி 2, ஊறவைத்த காய்ந்த மிளகாய் 4 ஆகியவற்றை அரைத்து, 6 மேசைக்கரண்டி கடலை எண்ணெயில் வதக்கவேண்டும். முதலில் எண்ணெய் முழுவதும் உள்ளே போய்விடும். ஈரம் வற்றிய பிறகு அதே எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வெளியே வரும். இதற்கு மிதமான தீயில் 12 முதல் 15 நிமிடம் ஆகும். எண்ணெய் திரும்பி வருவதற்குள் மீனைப் போட்டால் வெங்காயத்தின் பச்சை வாடை சூப்பில் கடைசிவரை நிற்கும். அதை மீன் வாடை என்று நினைத்துப் பலர் எலுமிச்சையைப் பிழிந்து தள்ளுகிறார்கள். எண்ணெய் பிரிந்ததும் உதிர்த்த மீனைப் போட்டு 5 நிமிடம் பிரட்டுங்கள்.

இப்போது மாவு. பச்சரிசியை மிதமான தீயில் 10 நிமிடத்துக்குக் குறையாமல், வெளிர் பொன்னிறமாகும்வரை வறுத்து, ஆறவைத்துப் பொடியுங்கள். கருகினால் கசப்பு போகவே போகாது. அரிசிப் பொடி 4 மேசைக்கரண்டி, வறுத்த கடலை மாவு 3 மேசைக்கரண்டி. இங்கே வறுத்த மாவுதான் வேண்டும். பச்சை மாவு போட்டால் சூப் ஆறுவதற்குள் களியாகிவிடும். இரண்டையும் 2 கப் குளிர்ந்த தண்ணீரில் கரைத்துத்தான் கொதிக்கும் சாற்றில் ஊற்றவேண்டும். உலர்ந்த மாவைச் சூட்டில் தூவினால் ஒவ்வொரு உருண்டையின் வெளிப்புறமும் உடனே வெந்து தோல் கட்டிவிடும். உள்ளே மாவு உலர்ந்தே கிடக்கும். அதற்கப்புறம் எவ்வளவு நேரம் கொதித்தாலும் கட்டி உடையாது. ஏற்கனவே கட்டி தட்டிவிட்டதென்றால் வடிகட்டுவதுதான் வழி.

மீன் மசாலா, நார் எடுத்து உப்பு நீரில் போட்ட வாழைத்தண்டு வட்டங்கள் 1 கப், உரித்த சின்ன வெங்காயம் 15 ஆகியவற்றைச் சேர்த்துச் சிறு தீயில் 40 நிமிடம். அடிக்கடி அடியைத் துழாவுங்கள், மாவு அடியில்தான் போய் உட்காரும். அடி பிடித்துவிட்டால் சுரண்டாமல் மேலே உள்ளதை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். கடைசியில் மீன் சாஸ் 3 மேசைக்கரண்டி, மிளகுத் தூள் 1 தேக்கரண்டி. ருசி பார்த்த பிறகே உப்பு. நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் தளர்வாக இறக்குங்கள், பரிமாறுவதற்குள் இறுகும். எலுமிச்சையைப் பானையில் பிழியவேண்டாம். கொதியில் கசப்பேறும். கிண்ணத்தில் பிழிந்துகொள்வதே முறை. அவித்த வாத்து முட்டை, சுரைக்காய் பஜ்ஜி, கொத்தமல்லி, வறுத்த மிளகாய்ப் பொடி பக்கத்தில் இருக்கட்டும். பஜ்ஜியைச் சாப்பிடும் நேரத்தில்தான் பிய்த்துப் போடவேண்டும்.

கேள்வி: வெங்காயம் வறுத்து டப்பாவில் வைத்தால் மறுநாளே நமத்துப் போகிறது. சில சமயம் கசக்கிறது.
– வாசகி, மோல்மீன்

கசப்பு வருவது எடுக்கும் நேரம் தவறுவதால். நமப்பு வருவது மூடும் நேரம் தவறுவதால். அரை கிலோ வெங்காயத்தை நீளவாக்கில் 2 மில்லிமீட்டர் கனத்தில் ஒரே மாதிரி அரியுங்கள். கனம் மாறினால் மெல்லியது கருகும்போதும் தடித்தது ஈரமாகவே இருக்கும். 2 கப் கடலை எண்ணெயை மிதமாகச் சுடவைத்து, முழுவதையும் போட்டு, மிதமான தீயில் 15 முதல் 18 நிமிடம். முதல் பத்து நிமிடம் சலசலவென்று நுரைக்கும். அது வெங்காயத்துத் தண்ணீர் போகும் சத்தம். சத்தம் அடங்கியதும் அடுப்பை விட்டு நகரக்கூடாது. வைக்கோல் நிறம் வந்த உடனே அரித்தெடுத்துத் தாளில் பரப்புங்கள். எடுத்த பிறகும் தன் சூட்டிலேயே இரண்டு பங்கு சிவக்கும். சட்டியிலேயே சிவக்கும்வரை காத்திருந்தால் தாளில் கருகிவிடும்.

கை வைத்தால் கொஞ்சமும் சூடில்லை என்றான பிறகே டப்பாவில் போட்டு மூடவும். பூண்டைத் தனியே வறுங்கள், வெங்காயத்தைவிடச் சீக்கிரம் கருகும். மிஞ்சிய எண்ணெயை அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறிய பிறகு அரை தேக்கரண்டி மஞ்சள் தூள் கலந்து, வடிகட்டிப் புட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் படாத இடத்தில் மூன்று வாரம் நன்றாக இருக்கும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் குளிர்பெட்டி இல்லாமலே கெடாத நல்ல பொருள் இது. அத்தோ என்ற பிசைந்த நூடுல்ஸும் தோபுவும் ருசிப்பது பெரும்பாலும் இந்தப் புட்டியால்தான்.

கேள்வி: சென்னையிலிருந்து சித்தப்பா குடும்பம் வருகிறது. “பர்மாவிலேயே அத்தோ சாப்பிடணும்” என்கிறார்கள். இங்கே எந்தக் கடையிலும் அந்தப் பெயரில் பார்த்ததில்லை.
– வாசகர், ரங்கூன்

அவர்கள் கேட்பது இங்கே ‘கவ்ஸ்வே தோ’. 1962-இல் இராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையான பிறகு கப்பலேறித் திரும்பிய நம்மவர்கள் சென்னைக் கடற்கரை நிலையப் பக்கம் தள்ளுவண்டியில் போட்டு விற்றது அங்கே அத்தோ என்று நிலைத்துவிட்டது. அங்கத்தி அத்தோவில் ஆரஞ்சு நிற நூடுல்ஸ், கை நிறைய முட்டைக்கோஸ், மிளகாய்த் தூள், பக்கத்தில் வாழைத்தண்டு சூப். அந்தக் காரத்தையும் நிறத்தையும் இங்கே எதிர்பார்த்தால் ஏமாறுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இங்கத்தியது நிறம் குறைவு, கடலை மாவு மணம் அதிகம். எங்கள் வாய்க்கு இங்கத்தியதே உசத்தி.

வீட்டிலேயே பிசைந்து கொடுப்பது நல்லது. ஒருவருக்கு வேகவைத்து ஆறவைத்த கோதுமை நூடுல்ஸ் 150 கிராம். பிசையும் வரிசை முக்கியம். முதலில் வெங்காய எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி விட்டு இழை பிரியக் கலக்கவும். பிறகு வறுத்த கடலை மாவு 1 மேசைக்கரண்டி. அது எண்ணெயோடு ஒட்டி ஒவ்வொரு இழையையும் மூடும். அதன்பின் கெட்டிப் புளிக்கரைசல் 1 மேசைக்கரண்டி, மீன் சாஸ் 1 தேக்கரண்டி, மிளகாய்ப் பொடி. கடைசியில் மெல்லிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், வறுத்த வெங்காயம், கொத்தமல்லி. புளியை முதலில் விட்டால் மாவு திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். கோஸை முதலில் போட்டால் உப்பில் நீர் விட்டு எல்லாம் தளர்ந்துவிடும். கரண்டி வேண்டாம், கையால் பிசையுங்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமையும் தீமிதி விரதக் காலத்திலும் சைவம். கல்லூரிப் பக்கம் பர்மியக் கடைகள்தான். எதை நம்பிச் சாப்பிடலாம், அக்கா?
– மாணவி, பெகு

உட்கார்ந்த உடனே “தெத் தத் லுத்” என்று சொல்லிவிடுங்கள் தங்கை. சுத்த சைவம் என்று கடைக்காரருக்குப் புரியும். “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் போதாது. இறைச்சியை விட்டுவிட்டு மீன் சாஸும் உலர்ந்த இறாலும் தாராளமாகப் போடுவார்கள், அவர்கள் கணக்கில் அவை இறைச்சியில் சேர்வதில்லை.

வல்லாரை, தக்காளி, லப்பெட் (புளிக்கவைத்த தேயிலை) என்று எந்த ‘தோ’ (பிசைந்த கலவை) ஆனாலும் உலர்ந்த இறால் பொடி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். போடாமல் பிசையச் சொன்னால் கண்ணெதிரே பிசைந்து தருவார்கள். சோற்றுக்கடையில் இலவசமாக வரும் தெளிந்த புளிச் சாற்றில் நாப்பியோ (புளிக்கவைத்த மீன் விழுது) இறாலோ இருக்கும். மொகிங்காவில் மீனைத் தள்ளிவைத்துச் சாப்பிடுவதில் அர்த்தமில்லை, சாறே மீன்தான். சுரைக்காய் பஜ்ஜி சைவம்தான், ஆனால் இறால் பஜ்ஜி பொரித்த அதே எண்ணெயாக இருக்கலாம். அது உங்கள் மனதைப் பொறுத்தது.

நம்பிச் சாப்பிடக்கூடியவை: அவித்த பட்டாணியோடு நான் ரொட்டி, பட்டாணி போட்டு வறுத்த சோறு (மீன் சாஸ், சிப்பி சாஸ் வேண்டாம் என்று சொல்லி), தெருவோரத்து ‘தோஷே’. நம் தோசைதான், மேலே தக்காளி, கோஸ், பட்டாணி தூவி மொறுமொறுப்பாகச் சுடுகிறார்கள். சமூசா தோவில் உள்ளே உருளைக்கிழங்கா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வாசோ முதல் தடிங்யுத் வரையிலான புத்த விரத மாதங்களில் பர்மியர் பலரும் சைவத்துக்கு மாறுவதால் அப்போது உங்களுக்குக் கவலை குறைவு. ரங்கூன் போகிற நாளில் காளி கோயில் பக்கம் அனவ்ரதா சாலைக்குப் போனால் சோறும் சாம்பாரும் தேடி அலையவேண்டியதில்லை.

கேள்வி: காலையில் விற்கிறவர்களிடம் வாங்கும் ‘பே பியோ’ (அவித்த பட்டாணி) வெண்ணெய் போல இருக்கிறது. வீட்டில் அவித்தால் பட்டாணி கல்லாக நிற்கிறது.
– வாசகி, மாந்தளை

அவர்கள் முளை கட்டியதை அவிக்கிறார்கள், நீங்கள் ஊறவைத்ததோடு நிறுத்துகிறீர்கள். 250 கிராம் பட்டாணியை 8 முதல் 10 மணி நேரம் ஊறவைத்து வடித்து, ஈரத்துணியில் ஒரு நாள் மூடிவையுங்கள். கோடையில் நடுவில் இரண்டு முறை அலசாவிட்டால் புளித்துவிடும். அரிசி நுனி அளவு முளை போதும். புதுத் தண்ணீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடா போட்டு 30 முதல் 40 நிமிடம். சோடா கூடினால் சோப்பு வாடை வரும். தக்காளி, புளி எதுவானாலும் பட்டாணி நசுங்கும்படி வெந்த பிறகுதான், புளிப்பு பட்டால் தோல் இறுகிவிடும். இத்தனையும் செய்து வேகவில்லை என்றால் பட்டாணி பழைய சரக்கு. கடையை மாற்றுங்கள்.

கேள்வி: ஊர் சமையல் குறிப்புகளில் கிராம் கணக்கு. இங்கே வீசை, சத்தா. எப்படி மாற்றுவது?
– வாசகர், பெகு

1 வீசை 1.63 கிலோ. அதில் நூற்றில் ஒரு பங்கு 1 சத்தா, சுமார் 16 கிராம். ஆகவே கால் கிலோவுக்கு 15 சத்தா, அரை கிலோவுக்கு 31, ஒரு கிலோவுக்கு 61 என்று கேளுங்கள். அரிசிக்கு, 1 ப்யி என்பது 8 கட்டிப்பால் டின்.

கேள்வி: தேங்காய்ப்பால் நூடுல்ஸ் குழம்பு திரிந்து மேலே எண்ணெய் மிதக்கிறது. காப்பாற்ற வழி உண்டா?
– வாசகி, ரங்கூன்

உண்டு. 1 மேசைக்கரண்டி வறுத்த கடலை மாவை கால் கப் குளிர்ந்த நீரில் கரைத்து, தீயைக் குறைத்துக் குழம்பில் விட்டு, மத்தால் இரண்டு நிமிடம் கடையுங்கள். மாவு எண்ணெயையும் நீரையும் பிடித்துச் சேர்த்துவைக்கும். முழுதாகப் பழைய நிலைக்கு வராவிட்டாலும் பந்தியில் வைக்கலாம்.

அடுத்த முறை கோழியை இரண்டாம் பாலிலேயே வேகவிடுங்கள். அரை கிலோ கோழிக்கு வறுத்த மாவு 3 மேசைக்கரண்டி கரைத்து ஊற்றி, 15 நிமிடம் கொதித்துக் கெட்டியான பிறகு முதல் பாலைச் சேருங்கள். அதன்பின் 5 நிமிடம், மூடி போடாமல், கொதி வராமல். முதல் பால் தளதளவென்று கொதித்தால் திரியும். எலுமிச்சை இதிலும் கிண்ணத்தில்தான்.

கேள்வி: சந்தையில் தளர்வாக வாங்கிய லப்பெட் ரொம்பப் புளிக்கிறது, கையெல்லாம் நிறம் ஒட்டுகிறது. சாப்பிடலாமா?
– வாசகர், மோல்மீன்

புளிப்புக்கு வழி இருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் பிசைந்து அலசி, இறுக்கிப் பிழிந்து, காம்பு பொறுக்கி, நறுக்கிய பூண்டும் கடலை எண்ணெயும் சேர்த்து ஒரு நாள் ஊறவிட்டால் சாந்தமாகும். நிறம் ஒட்டுவது வேறு விஷயம். 2009-இல் பல லப்பெட் பாக்கெட்டுகளில் துணிச்சாயமான ஆரமின் கண்டுபிடிக்கப்பட்டு, சுகாதார அமைச்சு அவற்றைத் தடை செய்தது. இயல்பான லப்பெட் மங்கிய ஆலிவ் பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் பச்சையும், அலசிய நீர் பளிச்சென்று மஞ்சளாவதும் நல்ல அடையாளங்கள் இல்லை. கொட்டிவிடுங்கள்.

கேள்வி: தேநீர்க்கடையில் எப்போது கேட்டாலும் பாயசம் போல இனிப்பாகத் தருகிறார்கள்.
– வாசகர், தட்டோன்

எதுவும் குறிப்பிடாமல் கேட்டால் கட்டிப்பால் தாராளமாக விழும். “போ ச்சா” என்று கேளுங்கள். இனிப்பு குறைந்து, டிகாஷன் தூக்கலாக வரும். “சோ செய்ன்” என்றால் இனிப்பும் பாலும் இன்னும் கூடும், அதைத் தவிருங்கள். பலாட்டா என்ற பரோட்டாவுக்குச் சர்க்கரை தூவுவதா, பட்டாணி வைப்பதா என்று கேட்பார்கள். இனிப்பு ஆகாதவர் பட்டாணி என்று சொல்லி, கல்லில் இருந்து எடுத்ததும் தட்டித் தரச் சொல்லுங்கள். அடுக்கி வைத்ததை வாங்கவேண்டாம்.